மிலாறுக் கட்டில் கிடைத்த கட்ட வண்டு: இது புதிய பேரினமா?

02.03.2024 மாலை, கேள்வி

நான் பொகவந்தலாவையில் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் லயத்துக்குப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பின்னால் விறகுக்கு அடுக்கிய மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளை, கட்டில் இருந்து இரண்டு வண்டு பிடித்தேன். எறும்பு மாதிரி ஓடுது, உடம்பெல்லாம் மயிர், முதுகில் கறுப்பும் செம்மஞ்சளும் கட்டம் கட்டமாக. காலில் நாலு கணுதான் இருக்கு. ஒன்றுக்குக் கொம்பு நீளம், முனையில் ரம்பப் பல் மாதிரி, மற்றதுக்குக் குட்டை. இணையத்தில் எந்தப் படத்தோடும் சேரவில்லை. அதனால் இரண்டும் இரண்டு புதிய பேரினம் என்று நினைக்கிறேன். பெயர் வைக்க என்ன செய்ய வேண்டும்?

02.03.2024 இரவு, பதில்

தம்பி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குடும்பத்தில் சந்தேகம் இல்லை, க்ளெரிடேதான். நான் கட்ட வண்டு என்று எழுதுகிறேன், சாரத்தில் வரும் கட்டம் மாதிரி இருப்பதால். உலகம் முழுக்க 3,500 அளவில் இனங்கள் உண்டு, பெரும்பாலானவை வேட்டைக்காரர்கள். மரத்தைத் துளைக்கும் சிறு வண்டுகளைப் பிடித்துத் தின்னும், குட்டிப் புழு துளைக்குள்ளேயே போய்த் தின்னும். உன் வண்டு மிலாறில் ஏன் இருந்தது என்பதற்குப் பதிலும் அநேகமாக அதுதான். கவ்வாத்து வெட்டிய கிளையை எடுத்துப் பார், ஊசி முனை அளவில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்தத் துளைப்பான்தான் இதற்குச் சாப்பாடு.

பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் கூட்டம், இனத்துக்கு மேலே, குடும்பத்துக்குக் கீழே. எந்தப் படத்தோடும் சேரவில்லை என்பதை அதற்கு ஆதாரமாக எடுக்க முடியாது. இந்தக் குடும்பத்தில் எத்தனையோ இனங்களுக்கு இணையத்தில் ஒரு படம்கூட இல்லை, ஊசியில் குத்திய ஒரு உடலும் பழைய லத்தீன் வரிகள் நாலும் மட்டும்தான்.

கால் கணுவைத் திரும்ப எண்ணு. கட்ட வண்டுக்கு ஆறு காலிலும் ஐந்து ஐந்து கணு. நாலு தெரிந்தால் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். படத்தைப் பார்த்தால் நாலாவது கணு மூன்றாவதன் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது என்று தோன்றுகிறது, அப்படியானால் இது கொரினெடினே துணைக்குடும்பத்துப் பக்கம் போகும்.

03.03.2024 காலை

நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன். இன்றைக்கே ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுது: இடம், உயரம், தேதி, எதில் இருந்து பிடித்தாய், பிடித்தவர் பெயர். பேனா வேண்டாம், ஸ்பிரிட் பட்டால் மை கரைந்துவிடும். வண்டை யோகட் கப்பில் மூடிப் பிரீசரில் வை. போர்மலினில் மட்டும் போடாதே, பிறகு மரபணு எடுக்க முடியாது.

05.03.2024

என் கதையையும் சொல்ல வேண்டும். 2016இல் சவுக்கு மரம் ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள் (கிரவேலியாவைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்லுவோம்). அதன் பட்டையில் ஒரு கட்ட வண்டு. நானும் நாலு கணு எண்ணினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. புதிய பேரினம் என்று முழுமையாக நம்பி, பெயர்கூட யோசித்து, மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பிறகு நெருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து ஒரு நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவேயில்லை. அந்த ஒரே வண்டும் போய்விட்டது. படம் மூன்று மிச்சம், மூன்றும் மேலிருந்து எடுத்தவை. அடிப்பக்கம் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு அந்தப் படங்களை வைத்து எந்தத் துணைக்குடும்பம் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் சொல்லுகிறேன், முதலில் வண்டைக் கவிழ்த்துப் போட்டுப் படம் எடு.

09.03.2024

தம்பி இன்று பஸ் ஏறி ஹட்டனுக்கே கொண்டு வந்துவிட்டான். பாடசாலை ஆய்வுகூடத்தைத் திறக்க அனுமதி வாங்கி, இருவரும் மூன்று மணிநேரம் நுணுக்குக்காட்டியோடு இருந்தோம். வெந்நீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு ஊறவைத்து, தூரிகையால் கால் அடியைத் துடைத்தால் மயிருக்குள் இருந்த மரத்தூள் எல்லாம் போய்விட்டது.

2ஆம் தேதி நான் எழுதியது பிழை. ஒளிந்திருப்பது நாலாவது கணு அல்ல, முதலாவது. மிகச் சிறியது, இரண்டாவது கணு அதன் மேல் கவிழ்ந்து மூடுகிறது, அடியில் இருந்து பார்த்தால்தான் தெரியும். நாலாவது கணு ஒழுங்காக, மடலோடு இருக்கிறது. ஆக இது கொரினெடினே பக்கம் அல்ல, க்ளெரினே பக்கம். மேலிருந்து பார்த்தால் இரண்டு வகையிலும் நாலுதான் தெரியும், எது ஒளிந்தது என்பதில்தான் உறவு மாறுகிறது. படத்தை மட்டும் பார்த்து நான் அவசரப்பட்டு எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன், அழிக்கவில்லை. பின்னால் வாசிக்கிறவர்களுக்கு இது உதவும்.

10.03.2024

கருவாட்டுச் சாக்கில் வரும் நீல வண்டும் இந்தக் குடும்பமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். ஆமாம் அக்கா. பளபளப்பான நீலம், கால் சிவப்பு என்றால் அது நெக்ரோபியா ரூஃபிபெஸ், கொப்பறாவிலும் வரும். கருவாட்டை வெயிலில் நன்றாகக் காயவைத்து இறுக்க மூடிவைத்தால் குறையும்.

அதற்கு ஒரு சொந்தக்கார வண்டு உண்டு, நெக்ரோபியா ரூஃபிகோலிஸ், கழுத்து சிவந்தது. அதன் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் லத்ரெய் என்ற பாதிரியார் போர்தோ நகரச் சிறையில் இருந்தார். கைதிகளைப் பார்க்க வந்த வைத்தியர், இந்த மனிதர் தரையில் இருந்த ஒரு வண்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு விசாரித்தார். அரிய வண்டு என்றார் லத்ரெய். வைத்தியர் அதைத் தனக்குத் தெரிந்த ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் கொண்டுபோய்க் கொடுக்க, பூச்சிகளில் ஈடுபாடுள்ள அந்தப் பையன் லத்ரெயின் பெயரை ஏற்கெனவே அறிந்தவன். அவன் மூலமாக விடுதலை கிடைத்தது. கூட இருந்த கைதிகள் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். 1802இல் இந்தக் குடும்பத்துக்கு க்ளெரிடே என்று பெயர் வைத்ததும் அதே லத்ரெய்தான்.

தம்பிக்கு இப்போது பதினெட்டு.

17.03.2024

"எத்தனை வித்தியாசம் இருந்தால் புதிய பேரினம்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை கிடையாது. மூன்று போதும், ஐந்து வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நான் புரிந்துகொண்ட விதம் இப்படி. ஊரில் புதிதாக ஒருவர் வந்தால் முகத்தைப் பார்த்து இவர் தனிக் குடும்பம் என்று சொல்லிவிட முடியுமா? மாமன் யார், மச்சான் யார், எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தவர் என்று விசாரிக்க வேண்டும். விசாரித்து முடித்து, இவர் அந்தக் கிளையிலும் சேரவில்லை, இந்தக் கிளையிலும் சேரவில்லை என்ற பிறகுதான் தனி என்று சொல்லலாம். புதிய இனம் என்று சொல்ல அதன் பக்கத்து இனங்களைப் பார்த்தால் போதும். புதிய பேரினம் என்று சொல்ல அந்தத் துணைக்குடும்பத்தில் இந்தப் பக்கம் உள்ள பேரினங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் கையில் இருக்கும் வண்டை விட, கையில் இல்லாத வண்டுகளைப் பற்றித்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு பெரிய பேரினத்தின் நடுவில் இருந்து ஒரு கிளையை மட்டும் வெட்டி எடுத்து, வித்தியாசமாக இருக்கிறது என்று புதுப் பெயர் கொடுத்தால், மிச்சம் இருப்பது ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்காது. புதியதைப் பிரித்த பிறகு பழையது உடையாமல் நிற்கிறதா என்று பார்க்காமல் எழுதிய பேரினங்களைப் பிறகு வந்தவர்கள் திரும்ப ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

எறும்பு மாதிரி இருக்கிறது என்பதைத் தம்பி பெரிய அடையாளமாகச் சொன்னான். அது கண்ணை ஏமாற்றும். எறும்பு வேஷமும் குளவி வேஷமும் இந்தக் குடும்பத்தில் பல கிளைகளில் தனித்தனியாக வந்தவை. ஐரோப்பாவில் பட்டை வண்டு தின்னும் ஒன்றுக்கு லின்னேயஸ் 1758இலேயே எறும்பை வைத்துத்தான் பெயர் கொடுத்தார், ஃபார்மிகேரியஸ் என்று. வேஷம் ஒன்று என்பதற்காகச் சொந்தம் ஆகிவிடாது. நிறமும் அப்படித்தான்.

பார்க்க வேண்டியவை வேறு: முன்கால் பொருந்தும் குழி பின்பக்கம் மூடியிருக்கிறதா, வாய்க்கருகில் உள்ள சிறு உணரிகளின் கடைசிக் கணு கோடரி மாதிரி அகன்றதா, கண்ணில் வெட்டு எங்கே விழுகிறது, நகத்தின் அடியில் பல் உண்டா, ஆண் உறுப்பின் வடிவம். இவற்றோடு மரபணுவும். 2013இல் மரபணுவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று எபிக்லினினே என்று புதிதாக ஒரு துணைக்குடும்பத்தையே பிரித்தது. கண்ணால் மட்டும் பார்த்தவர்களுக்கு அது முன்னர் புலப்படவில்லை.

18.03.2024

நேற்று எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப இந்த வண்டுக்குச் சொந்தக்காரர் ஒருத்தருமே இன்னும் வரலையா அம்மா?" என்று கேட்டாள். எட்டு வயது.

24.03.2024

பெயர் ஒன்றுதானே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டவருக்கு, நம் தேயிலையில் நடந்ததையே சொல்லுகிறேன்.

மிலாறில் ஓட்டை போடும் துளைப்பானை ஐக்ஹோஃப் என்பவர் 1868இல் விவரித்தார், இலங்கையில் இருந்து போன உடலை வைத்து. இனப் பெயர் ஃபார்னிகேட்டஸ். நூறு வருடத்துக்கு மேல் தேயிலைத் துளைப்பான் என்றால் அந்தப் பெயர்தான், தோட்டத்துக்கு வந்த அறிவுரைகளிலும் அதுதான். பிறகு கலிஃபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் அவகாடோ மரங்களைக் கொல்லும் ஒன்று வந்தது, பார்க்க இதே மாதிரி. மரபணுவைப் பார்த்தால் உள்ளே பல இனங்கள். அப்போது எது உண்மையான ஃபார்னிகேட்டஸ்? ஐக்ஹோஃப் பார்த்த உடலைப் பார்த்தால்தான் சொல்ல முடியும், அதுவோ தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். கடைசியில் அது கிடைத்தது. 2019இல் அளந்து பார்த்தால், பழைய பெயர் அவகாடோ மரத்தைத் தாக்கும் இனத்துக்குரியது. நம் தேயிலைத் துளைப்பானுக்கு பெர்பிரெவிஸ் என்ற பெயர் வந்தது.

ஒரு தானியம் அளவுகூட இல்லாத ஒரே ஒரு உடல்தான் அத்தனையையும் தீர்த்தது. மருந்து எது, இரை தின்னும் வண்டு எது என்று தேடுகிறவர்கள் இத்தனை காலமாகத் தேயிலை வண்டின் செய்தியையும் மற்ற வண்டின் செய்தியையும் ஒரே பெயரின் கீழ் கலந்து வாசித்திருக்கிறார்கள். இனத்துக்கு அப்படி ஒரு உடலைக் குறித்துக் கொடுத்து அது எங்கே பத்திரமாக இருக்கிறது என்றும் எழுத வேண்டும், அதற்கு ஹோலோடைப் என்று பெயர். பேரினத்துக்கு உடல் கிடையாது, ஒரு இனத்தைக் குறிக்க வேண்டும். பேரினத்தைத் தாங்குவது அந்த இனம், அந்த இனத்தைத் தாங்குவது அந்த உடல். 1930க்குப் பிறகு வந்த பேரினப் பெயருக்கு இப்படி மூல இனம் குறிக்காவிட்டால் பெயரே செல்லாது.

14.04.2024

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து.

தம்பி லயத்தில் உள்ள வீடுகளில் எல்லாம் சொல்லிவைத்து, மிலாறுக் கட்டுகளைத் தட்டித் தட்டி இன்னும் ஏழு பிடித்திருக்கிறான். பாட்டிமார் இருவர் போத்தலில் பிடித்துக் கொடுத்தார்களாம். இப்போது மொத்தம் ஒன்பது. நீளக் கொம்பு நாலு, குட்டைக் கொம்பு ஐந்து.

இரண்டிரண்டு எடுத்து வயிற்றை மெதுவாகப் பிரித்து, பத்து வீதப் பொட்டாசியம் ஐதரொக்சைட்டில் ஊறவைத்து, கிளிசரினில் பார்த்தோம். நீளக் கொம்பு இரண்டும் ஆண், குட்டைக் கொம்பு இரண்டும் பெண். மற்ற எல்லாம் ஒன்று. இரண்டு பேரினம் அல்ல, ஒரே இனத்தின் கணவனும் மனைவியும். கட்ட வண்டுகளில் இது வழக்கம்தான், க்ளாடிஸ்கஸ் என்ற பேரினத்தில் ஆணின் கொம்பு சீப்பு மாதிரியே இருக்கும். முதல் இரண்டு வண்டைப் பார்த்தபோதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தம்பியின் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கோ பெரிய சந்தோஷம். ஒற்றை வண்டை வைத்துக்கொண்டு என்ன சொன்னாலும் அது ஊகம். ஆணும் பெண்ணும் சேர்ந்து, ஒரே இடத்தில், ஒரே இரையோடு ஒன்பது என்பது எத்தனையோ பழைய விவரிப்புகளுக்குக் கிடைக்காத ஒன்று.

20.04.2024

பெயரைப் பற்றி.

பேரினப் பெயர் விலங்குலகம் முழுவதிலும் ஒரு முறைதான் வரலாம். ஆஸ்திரேலியாவில் முட்டையிடும் வாத்து அலகுக்காரப் பிராணிக்கு 1799இல் பிளாட்டிபஸ் என்று பெயர் வைத்தார்கள். பார்த்தால் 1793லேயே அந்தப் பெயர் மரம் துளைக்கும் ஒரு வண்டுக்குப் போய்விட்டது. வண்டிடம் இருந்து பறிக்க முடியாது, பிராணிக்குத்தான் வேறு பெயர் தேட வேண்டி வந்தது. இன்றைக்கும் விஞ்ஞானத்தில் பிளாட்டிபஸ் என்றால் வண்டுதான்.

மொழி எதுவாகவும் இருக்கலாம், எழுத்து மட்டும் லத்தீனில். மலையகத்துப் பெயருக்கு முன்னுதாரணமும் உண்டு: தத்துப்பூச்சி வகையில் பூண்டுலோயா என்றே ஒரு பேரினம் இருக்கிறது. பூண்டுலோயாவில் இருந்து பூச்சி சேர்த்த கிரீன் என்பவரின் காலத்தில் வந்தது.

தம்பி கேட்டது மிலாறு என்ற சொல்லை வைக்கலாமா என்று. வைக்கலாம். லத்தீனோ கிரேக்கமோ அல்லாத சொல் உகரத்தில் முடிந்தால், ஆசிரியர் வேறு சொல்லாதவரை அது ஒன்றன்பால் என்றே விதி இருக்கிறது. பின்னால் வரும் இனப் பெயர் விசேஷணமாக இருந்தால் அதற்கு ஏற்ற விகுதி எடுக்க வேண்டும். தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. எங்கள் ஆட்கள் தலையில் கட்டிச் சுமந்த விறகின் பெயர் உலகத்து விலங்குப் பெயர்ப் பட்டியலில் ஏறும் என்றால் எனக்கு அழுகையே வரும்.

21.04.2024

நேற்று எழுதியதில் மனம் உறுத்துகிறது. இங்கே எழுதிய பெயர் விதிப்படி வெளியிட்ட பெயர் ஆகாது, இணையத்தில் மட்டும் வரும் ஆய்வுக்கட்டுரைகூட ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்தால்தான் செல்லும். ஆனாலும் யாராவது இந்தப் பெயரைப் படத்தோடு பகிரத் தொடங்கினால், விவரிப்பு இல்லாத வெறும் பெயர் ஒன்று சுற்றித் திரியும். தயவுசெய்து வண்டின் படத்துக்குக் கீழே அந்தச் சொல்லை எழுதாதீர்கள். மேலே பகிர்ந்த ஒருவரிடம் கேட்டேன், நீக்கிவிட்டார், நன்றி அண்ணன்.

05.05.2024

வாசித்ததையும் பார்த்ததையும் சேர்த்து இப்போது எங்கே நிற்கிறோம் என்று எழுதுகிறேன்.

கால் கணு புதிதல்ல. கொம்பு ஆண் பெண் வித்தியாசம். எறும்பு உருவம் கணக்கில் வராது. மிச்சம் நிற்பது இரண்டு: நகத்தடிப் பல்லின் அமைப்பும் ஆண் உறுப்பின் வடிவமும். அருகில் வரக்கூடிய பேரினங்களுக்கு எனக்குக் கிடைத்த வரைபடங்கள் எதோடும் அவை ஒத்துவரவில்லை. ஆனால் அந்தப் பேரினங்களில் ஆண் உறுப்பை வரைந்து வைத்திருக்கும் இனங்கள் கொஞ்சம்தான். ஆகவே இனம் புதிதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று துணிந்து சொல்லுவேன். பேரினம் புதிது என்று இன்றைக்கு எழுத மாட்டேன்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பழைய உடல்களை. ஜோர்ஜ் லூயிஸ் என்ற ஆங்கிலேயர் 1881, 82இல் இந்தப் பக்கம் வண்டு சேர்த்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் அவருடைய லேபிள்களில் டிக்கோயா என்றும் பொகவந்தலாவை என்றும் அச்சில் இருக்கிறது, உயரம் அடிக் கணக்கில். இலைத்துரு நோயில் கோப்பி அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம், காட்டு மரங்கள் விழுந்துகொண்டிருந்த காலம். விழுந்த மரத்தில்தான் இப்படிப்பட்ட வண்டு நிறைய வரும். அந்த மலைகளில் கோடரி பிடித்தவர்கள், கட்டை புரட்டியவர்கள் யாருடைய பெயரும் லேபிளில் இல்லை. நம் வண்டு 140 வருடமாக அங்கே ஒரு இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருக்கலாம், வேறு பெயரோடு. அதைப் பார்க்காமல் எழுதுவது முறையல்ல.

சட்டம்: ஆய்வுக்காகச் சேர்ப்பதற்கும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நான் 2016இல் செய்தது போல நெருப்புப் பெட்டியில் யாரும் எதையும் எங்கேயும் அனுப்ப வேண்டாம். பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையில் உள்ள ஒருவர் ஒன்பதையும் தன் அனுமதியின் கீழ் எடுத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். மூன்று தனியாக 95 வீத மதுசாரத்தில் இருக்கின்றன, மரபணுவுக்கு. ஹோலோடைப் என்று ஒன்று குறிக்கும் நாள் வந்தால் அது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் அனுமதி வரும்வரை புதிதாகப் பிடிக்க வேண்டாம் தம்பி. மிலாறைத் தட்டிப் பார், எத்தனை, எந்த நேரம், என்ன தின்னுது என்று கொப்பியில் எழுது, விட்டுவிடு.

02.06.2024

கொப்பியைப் பார்த்தேன். 16 நாள் எழுதியிருக்கிறான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் வெளியே வருகின்றன, மழை நாளில் ஒன்றும் இல்லை, இரண்டு தடவை துளைப்பானை முன்காலால் பிடித்துத் தின்பதை நேரில் பார்த்திருக்கிறான். இது எந்த அருங்காட்சியகத்து இழுப்பறையிலும் கிடைக்காது.

ஒன்பது வண்டுக்கும் லேபிள் மாற்றி எழுதிவிட்டோம். இடம், உயரம் மீட்டரில், தேதி, "தேயிலை மிலாறுக் கட்டு, லயத்தின் பின்புறம்". பிடித்தவர் என்ற வரியில் ஏழில் தம்பியின் பெயர். மற்ற இரண்டில் போத்தலில் பிடித்துக் கொடுத்த பாட்டிமார் இருவரின் முழுப் பெயர், எழுத்துக்கூட்டி, அவர்களிடமே கேட்டு எழுதியது.